தர்மபுரி மேகத்தை எந்தச் செயற்கைக்கோளிடம் கேட்பது?

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் வானம் மூடியே கிடக்கும். மேற்கிலிருந்து காற்று அடிக்கும், மேகம் ஓடும், சொட்டு விழாது. "மப்பும் மந்தாரமுமா இருக்கு, மழை மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்னுடுச்சு" என்று பாலக்கோட்டுத் தக்காளிக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். சித்திரை, வைகாசி வேறு மாதிரி. காலையிலிருந்து கண் கூசும் வெயில். மூன்று மணிக்கு மேல் வத்தல்மலைக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கோபுரம் எழும். ஐந்து மணிக்கு இடி, சூறைக்காற்று, சில நாள் ஆலங்கட்டி. மறுநாள் காலை கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாங்காய் கொட்டிக் கிடக்கும்.

இந்த இரண்டு மேகங்களில் எது நம் ஊரைக் குளிர வைக்கிறது, எது சூட்டைப் பிடித்து வைக்கிறது, எவ்வளவு? முதுகலை இயற்பியல் மாணவர்கள் இரண்டு பேர் இதையே புராஜெக்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். ஒருத்தி பாலக்கோடு, ஒருவன் ஊத்தங்கரை. நான் தர்மபுரியில் இயற்பியல் நடத்துகிறவன். கையில் நான்கு மாதம், ஒரு பழைய லேப்டாப், செல்போன் இணையம். பணம் ஒரு தடையே இல்லை, ஏனென்றால் இதற்கான செயற்கைக்கோள் தரவு ஏறக்குறைய எல்லாமே இலவசம். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரத்தை வேறு யாரும் வீணாக்க வேண்டாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பூமியின் தலைக்கு மேல், சூரியனை நோக்கி நிற்கும் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1361 வாட் விழுகிறது. உருண்டை முழுவதற்கும், இரவு பகலுக்கும் பிரித்தால் சராசரி 340. அதில் ஏறத்தாழ 100 வாட் மேகத்திலும் தரையிலும் பட்டுத் திரும்பிப் போகிறது. மீதி 240 வாட் உள்ளே வந்து, பிறகு வெப்பமாக, நெட்டலைக் கதிர்வீச்சாக வெளியேறுகிறது. மேகம் இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் கை வைக்கிறது: வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, தரையின் வெப்பம் வெளியேறுவதையும் மறிக்கிறது.

எவ்வளவு மறிக்கிறது என்பது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 27 டிகிரி சூடான தரை சதுர மீட்டருக்குச் சுமார் 459 வாட் வெப்பத்தை விடுகிறது. ஆடி மாதத்துத் தாழ்ந்த மேகத்தின் உச்சி 15 டிகிரி என்றால் அது விடுவது 390 வாட். பெரிய வித்தியாசம் இல்லை. வைகாசி இடிமேகத்தின் உச்சி பூஜ்யத்துக்குக் கீழே 53 டிகிரி என்றால் வெளியே போவது வெறும் 133 வாட். நடுவில் உள்ள காற்றின் நீராவியை இந்தக் கணக்கில் விட்டுவிட்டேன், ஆனால் ஒப்பிட இது போதும். தாழ்ந்த மேகம் வெயிலை மறைக்கும், வெப்பத்தை அவ்வளவாகப் பிடிக்காது, ஆகவே குளிர்ச்சி. உயர்ந்த மேகம் இரண்டையும் செய்கிறது. பகலில் இந்த இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். இரவில் மறைக்க வெயில் இல்லை, பிடித்து வைப்பது மட்டும் நடக்கும்.

இதை முதன்முதலாகச் செயற்கைக்கோள் அளவீட்டை வைத்து உலக அளவில் நிலைநாட்டியவர்களில் முன்னால் நிற்பவர் நம் ஆள். சென்னையில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். 1984இல் சேலஞ்சர் விண்கலம் கொண்டுபோய் விட்ட செயற்கைக்கோளின் தரவைக் கொண்டு அவரும் கூட்டாளிகளும் 1989இல் வெளியிட்ட கட்டுரை, 1985 ஏப்ரல் மாதத்தில் மேகங்கள் உலக சராசரியில் சதுர மீட்டருக்குச் சுமார் 13 வாட் குளிர்ச்சி தந்தன என்று காட்டியது. இன்றைய கருவிகளின்படி ஆண்டு சராசரி 20 வாட்டை ஒட்டி வருகிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது, "அண்ணாமலையில படிச்சவரா சார்?" என்று பின் பெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்தது.

சரி, தேர்வுக்கு வருவோம்.

இன்சாட்: நம் தலைக்கு மேலேயே நிற்பது

பிள்ளைகள் முதலில் கைநீட்டியது இந்தியாவின் வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட் பக்கம். நானும் அதைத்தான் சொன்னேன். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், 2016இல் ஏவிய இன்சாட்-3டிஆர் 74 டிகிரி கிழக்கிலும், 2024 பிப்ரவரியில் ஏவிய 3டிஎஸ் 82 டிகிரி கிழக்கிலும் நிற்கின்றன. தர்மபுரி 78 டிகிரி. இரண்டுக்கும் சரியாக நடுவில் இருக்கிறோம். ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு படம், மாற்றி மாற்றி இயங்கினால் கால் மணிக்கு ஒன்று. வத்தல்மலைக்குப் பின்னால் எழும் கோபுரம் பிறப்பது, வளர்வது, தலை விரிவது, கரைவது எல்லாவற்றையும் வேறு எந்தக் கருவியும் இப்படி விடாமல் பார்ப்பதில்லை.

ஆறு அலைவரிசைகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு கிலோமீட்டர் துல்லியம், வெப்ப அகச்சிவப்பில் நான்கு, நீராவி அலைவரிசையில் எட்டு. அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் நடத்தும் மோஸ்டாக் தளத்தில் பெயர் பதிந்தால் போதும், கோப்புகளை இறக்கிக்கொள்ளலாம். மேகம் உண்டா இல்லையா, மேக உச்சியின் வெப்பநிலை, வெளியேறும் நெட்டலைக் கதிர்வீச்சு, தரையில் விழும் வெயில் என்று தயாராகக் கணக்கிட்டுவைத்த பொருள்களும் உண்டு.

இவ்வளவு இருந்தும் நாங்கள் இன்சாட்டை முதன்மையாக எடுக்கவில்லை. காரணம், அது ஆற்றலை எடைபோடுவதில்லை. அலைவரிசைகளில் ஆறு கீற்றுகளைப் பார்த்துவிட்டு, அதிலிருந்து மொத்தம் இவ்வளவு இருக்கும் என்று சூத்திரம் போட்டு மதிப்பிடுகிறது. வானிலைக்கு அது தாராளமாகப் போதும். மேகம் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் குளிர்ச்சி தருகிறது என்று கேட்கும்போது, சூத்திரத்தின் பிழை எங்கே, மேகத்தின் விளைவு எங்கே என்று பிரிக்க முடியாமல் போகும். இன்னொன்று, மேகமே இல்லாதிருந்தால் என்ன வந்திருக்கும் என்ற எண் நமக்கு வேண்டும். அதை இன்சாட்டில் நாமே தெளிந்த நாட்களைத் தேடிக் கட்ட வேண்டும். ஆடியில் தெளிந்த நாளுக்கு எங்கே போவது?

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. ஒரு நாளைக்கு 48 கோப்பு, ஒரு வருடத்துக்கு 17,520. செல்போன் இணையத்தில் இதை இறக்குவது தலைவிதி. அப்புறம், செயற்கைக்கோள் நமக்குத் தெற்கே நிலநடுக்கோட்டின் மேல் நின்று சாய்வாகப் பார்க்கிறது. சாய்வு 15 டிகிரிதான், ஆனாலும் 15 கிலோமீட்டர் உயர இடிமேகத்தின் உச்சி படத்தில் சுமார் 4 கிலோமீட்டர் வடக்கே தள்ளித் தெரியும். தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு மேல் இடித்த மேகத்தை ஊருக்கு வெளியே தேட வேண்டியிருக்கும்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. ஊத்தங்கரைப் பையன் ஒரு மே மாத நாளின் வரைபடத்தைப் பெருமையாகக் கொண்டுவந்தான். அதில் விடிகாலை ஒன்றரை மணிக்குச் சூரியன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. கோப்பின் பெயரில் உள்ள நேரம் கிரீன்விச் நேரம் என்பதைக் கவனிக்கவில்லை. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் காலை ஏழு. இதை நான் சொல்லாமல் விட்டது என் தப்பு.

மோடிஸ்: கூர்மையின் மயக்கம்

அடுத்த வாரம் பாலக்கோட்டுப் பெண் வேறு படங்களோடு வந்தாள். நாசாவின் டெரா, அக்வா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவி. 36 அலைவரிசைகள், சிலவற்றில் 250 மீட்டர் துல்லியம். வேர்ல்டுவியூ என்ற இணையப் பக்கத்தில் எதையும் இறக்காமலே 2000ஆம் ஆண்டு வரைக்கும் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். கே.ஆர்.பி. அணையின் தண்ணீர், ஏலகிரியின் விளிம்பு, அதன் மேல் பஞ்சு பஞ்சாக மேகம், எல்லாம் பளிங்கு மாதிரி. "இதையே எடுத்துக்கலாம் சார், இன்சாட் மங்கலா இருக்கு" என்றாள்.

மேகத்தின் தன்மையை அறிய மோடிஸ் அருமையான கருவி. உச்சியின் அழுத்தம், ஒளி எவ்வளவு தூரம் புகும், நீர்த்துளிகளின் அளவு, துளியா பனிக்கட்டியா என்பதெல்லாம் அதன் மேகக் கோப்பில் கிடைக்கும். ஆனால் அது வரும் நேரத்தைப் பாருங்கள். டெரா காலை பத்தரை மணியை ஒட்டி, அக்வா மதியம் ஒன்றரையை ஒட்டி. இரவிலும் அதே பத்தரை, ஒன்றரை. இப்படித்தான் இருபது ஆண்டுக்கு மேல் ஓடின, சமீப ஆண்டுகளில் எரிபொருள் குறைந்து அந்த நேரங்களும் நகர்ந்துவிட்டன. நம் வைகாசி மேகம் எழுவது மூன்று மணிக்கு மேல். அக்வா கடந்துபோகும்போது வானத்தில் சின்னச் சின்னப் பஞ்சுதான் இருக்கும். இரவு டெரா வரும்போது இடிமேகம் கொட்டித் தீர்த்து, உச்சியில் விரிந்த பட்டை மட்டும் மிச்சம் இருக்கும். மோடிஸை மட்டும் வைத்துத் தர்மபுரியின் கோடை மேகத்தை எழுதினால், கல்யாணத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் மட்டும் போய்விட்டுப் பந்தியைப் பற்றி எழுதிய கதையாகும்.

படத்தின் கூர்மை வேறு வகையிலும் ஏமாற்றும். அந்தப் பெண் வேர்ல்டுவியூ படத்தைச் சேமித்து, அதன் வெள்ளை நிறத்தை 0 முதல் 255 வரை எண்ணாக்கி, அதையே மேகம் திருப்பி அனுப்பிய ஒளி என்று அட்டவணை போட்டிருந்தாள். கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று வெளிச்சம் கூட்டிய படம் அது. அதில் உள்ள எண்ணுக்கும் வாட்டுக்கும் உறவு கிடையாது. உழைப்பு வீண்தான், ஆனால் இந்தத் தப்பைப் பல இடங்களில், அச்சான கட்டுரைகளிலேயே பார்த்திருக்கிறேன், ஆகவே அவளைத் திட்டவில்லை.

செரஸ்: எடைமேடை

கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் லாரி வந்து நின்றால் அதைப் போட்டோ எடுக்கலாம். தோத்தாபுரியா நீலமா, எத்தனை அடுக்கு, அழுகல் உண்டா என்று படத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம். எத்தனை டன் என்று கேட்டால் எடைமேடைச் சீட்டுதான் பேசும். மோடிஸ், இன்சாட் எல்லாம் போட்டோ. செரஸ் எடைமேடை.

மேகங்களையும் பூமியின் கதிர்வீச்சு ஆற்றலையும் அளக்கவென்றே செய்த கருவி அது. 1997இல் முதல் கருவி போனது. பிறகு டெராவில் இரண்டு, அக்வாவில் இரண்டு, 2011இல் சுவோமி என்பிபியில் ஒன்று, 2017இல் நோவா-20இல் ஒன்று. படமே எடுக்காது. ஒரு பார்வையில் தரையில் சுமார் 20 கிலோமீட்டர் அகல வட்டத்தை மொத்தமாகப் பார்க்கும். அதிலிருந்து மேலே வரும் சூரிய ஒளி எவ்வளவு, ஒளியும் வெப்பமும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு என்று முழு அலைவரிசையிலும் அளக்கும். மொத்தத்தில் ஒளியைக் கழித்தால் வெப்பம். கணக்கு அவ்வளவு எளிது. கருவியின் அளவுகோல் நழுவாமல் இருக்க, வெப்பநிலை தெரிந்த கரும்பொருளையும் விளக்கையும் கூடவே வைத்துக்கொண்டு தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்கிறது. மண்டியில் எடைக்கல் வைத்துத் தராசைச் சோதிப்பது போலத்தான்.

ஆனால் இந்தத் தராசும் தனியாக வேலை செய்யாது. செரஸ் ஒரு நேரத்தில் ஒரு திசையிலிருந்துதான் பார்க்கிறது. மேகமோ எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறடிக்கிறது, அதுவும் ஒரே அளவில் அல்ல. ஒரு திசையில் கண்டதை வைத்து எல்லாத் திசைக்கும் கணக்கிட, கீழே இருப்பது என்ன மாதிரி மேகம் என்று தெரிய வேண்டும். டெராவிலும் அக்வாவிலும் அதைச் சொல்வது கூடவே போகும் மோடிஸ். ஆக, "மோடிஸா செரஸா" என்று நாங்கள் ஒரு வாரம் அடித்துக்கொண்டது அர்த்தமில்லாத சண்டை. செரஸை எடுத்தால் மோடிஸும் உள்ளே வந்துவிடுகிறது.

செரஸ் தரவும் பல அடுக்கில் கிடைக்கிறது. எங்களுக்குப் பொருத்தமானவை இரண்டு. ஒன்று ஈபாஃப் எனப்படும் மாத சராசரி, 2000 மார்ச்சிலிருந்து. கடலில் சேரும் வெப்பத்தோடு ஒத்துப்போகும்படி சரிசெய்தது, இருபது ஆண்டுப் போக்குக்கு இதைவிட நம்பகமானது இல்லை. மற்றது மணிக்கொரு எண் தரும் சின் ஒன் டிகிரி. டெராவும் அக்வாவும் வராத நேரங்களை, இன்சாட் போல ஒரே இடத்துக்கு மேல் நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களின் படங்களைக் கொண்டு நிரப்பியிருப்பார்கள். ஆகவே மாலை ஐந்து மணிக்கான எண் நேரடி எடை அல்ல, எடைமேடைச் சீட்டுகளுக்கு நடுவே போட்டோவைப் பார்த்து எழுதியது. தெரிந்துகொண்டே பயன்படுத்தினால் குற்றமில்லை. இரண்டிலுமே மேகம் உள்ள வானத்துக்கும் மேகம் இல்லாத வானத்துக்கும் தனித்தனி எண் தருகிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மேகத்தின் விளைவு. ஆடியில் தெளிந்த நாளைத் தேடி அலைய வேண்டாம்.

குறை என்னவென்றால் கட்டத்தின் அளவு. ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி. எங்கள் பக்கத்தில் அது ஏறக்குறைய 110 கிலோமீட்டர் சதுரம், 12,000 சதுர கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டம் சுமார் 4,500, கிருஷ்ணகிரி மாவட்டம் சுமார் 5,100. இரண்டையும் சேர்த்தாலும் கட்டம் நிரம்பாது, ஆனால் இரண்டும் ஒரே கட்டத்தில் உட்காரவும் இல்லை. 2004இல் மாவட்டத்தைப் பிரித்தவர்களைவிட நாசாவின் கட்டம் விநோதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. வடக்கே 12 முதல் 13, கிழக்கே 78 முதல் 79 என்ற கட்டத்தில் தர்மபுரி, பாலக்கோடு, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, அரூர் எல்லாம் ஒன்றாக வரும். கூடவே திருப்பத்தூர், ஏலகிரி, ஜவ்வாது மலையும். ஒசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் 78க்கு மேற்கே போய் பெங்களூருவோடு சேர்ந்துவிடும். தொப்பூரும் பாப்பிரெட்டிப்பட்டியும் 12க்குத் தெற்கே விழுந்து சேலத்தோடு போகும். வத்தல்மலை மேகமும் ஒகேனக்கல் மேகமும் வேறு வேறா என்ற கேள்விக்குச் செரஸ் ஒரு மாதிரி பதில் சொல்லும், பாலக்கோட்டு மேகமும் தர்மபுரி மேகமும் வேறா என்று கேட்டால் கையை விரிக்கும்.

ஒசூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுச் செய்யப் போனால் 77 முதல் 78 வரை என்று போடுங்கள். பெங்களூரு புகையும் சேர்ந்து வரும், பரவாயில்லை.

தரவை எடுப்பது சுலபம். செரஸ் தளத்தில் இடம், காலம், எந்தெந்த எண் என்று குறித்தால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் வெட்டித் தருகிறார்கள். ஒரு கட்டத்துக்கு இருபது ஆண்டு மாத சராசரி என்றால் ஒரு வாட்சாப் போட்டோ அளவுகூட வராது. திறந்து பார்க்க பனோப்ளி என்ற இலவச மென்பொருள் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் நல்லது.

மேகத்தை வெட்டிப் பார்ப்பவை

இவை தவிர, மேகத்தைக் குறுக்கே அறுத்துக் காட்டும் கருவிகளும் உண்டு. 2006இல் ஒரே ராக்கெட்டில் போன கிளவுட்சாட்டும் கலிப்சோவும் 2023 வரை உழைத்தன. ஒன்றில் ராடார், மற்றதில் லேசர். 2024 மே மாதத்தில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து ஏவிய எர்த்கேர், இரண்டையும் ஒரே செயற்கைக்கோளில் வைத்திருக்கிறது.

எங்கள் ஆடி மேகத்துக்கு இவை மிகவும் தேவை. தென்மேற்குப் பருவத்தில் தாழ்ந்த மேகம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். அதே நேரம் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே பலமான காற்று அடிக்கும், அது வங்கக் கடல் பக்கத்து இடிமேகங்களின் பனிக்கட்டிப் படலத்தை இழுத்துக்கொண்டு வந்து நம் தலைக்கு மேல் விரிக்கும். கீழே ஒரு மேகம், மேலே ஒரு மேகம், எதிரெதிர் திசை. மேலிருந்து பார்க்கும் இன்சாட்டுக்கு மேல் அடுக்குதான் தெரியும். நாம் தரையிலிருந்து பார்த்தால் கீழ் அடுக்குதான். இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது ராடாரும் லேசரும்.

ஆனாலும் நாங்கள் விட்டோம். கிளவுட்சாட், கலிப்சோ பார்வை ஒரு கயிறு மாதிரி மெல்லியது. 16 நாளுக்கு ஒரு முறை அதே பாதை, அடுத்த பாதை நிலநடுக்கோட்டில் 172 கிலோமீட்டர் தள்ளி. தர்மபுரி மேல் ஒரு கோடு விழுமா, அன்று மேகம் இருக்குமா என்பதெல்லாம் சோழி உருட்டுவது போல. முனைவர் பட்டத்துக்கு எடுக்கலாம், நான்கு மாதத்துக்கு ஆகாது.

மேகா-டிராபிக்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2011இல் இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து அனுப்பியது, வெப்பமண்டலத்துக்கென்றே 20 டிகிரி சாய்வில் சுற்றியது, அதில் செரஸ் மாதிரி ஸ்காராப் என்ற கருவி இருந்தது. அதே பிஎஸ்எல்வியில்தான் எஸ்.ஆர்.எம். மாணவர்கள் செய்த குட்டிச் செயற்கைக்கோளும் போனது. நம் ஊரை ஒரே நாளில் வெவ்வேறு நேரங்களில் கடந்ததால் மாலை மேகத்தையும் பிடித்திருக்கும். அது 2023 மார்ச்சில் கடலில் இறக்கப்பட்டுவிட்டது. பழைய தரவு இருக்கிறது, எனக்கு ஆசையும் இருக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது இப்போது ஓடும் தரவு.

சோலார் பம்புசெட் போடுகிறவர்கள் அடிக்கடி பயன்படுத்தும் நாசா பவர் தளத்தையும் பார்த்தோம். அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்தால் எக்செல்லில் திறக்கும் கோப்பே வந்துவிடும், பதிவுகூட வேண்டாம். அவசரத்துக்கு நல்லது. ஆனால் அதன் வெயில் எண்களும் செரஸின் அதே ஒரு டிகிரி கட்டத்திலிருந்துதான் வருகின்றன. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் தனித்தனியாக இறக்கி ஒப்பிட்டுப் பார்த்து, "இரண்டு ஊரிலும் அச்சு அசலா ஒரே வெயில்!" என்று யாராவது கண்டுபிடிப்பு அறிவித்தால் சிரிக்காதீர்கள்.

மொட்டை மாடி

இதைப் பட்டியலில் சேர்ப்பதா என்று யோசித்தோம். 1997இல் செரஸ் குழுவே பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது: செயற்கைக்கோள் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தில் வானத்தைப் பார்த்து, எத்தனை பங்கு மேகம், என்ன வகை என்று எழுதி அனுப்புவது. பிறகு அது குளோப் என்ற உலகளாவிய மாணவர் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்துவிட்டது. அவர்களுக்கே தரைக் கண் தேவைப்பட்டது என்றால் நமக்கு ஏன் வேண்டாம்?

ஆக, கல்லூரி மாடியில் தினம் நான்கு நேரம்: பத்தரை, ஒன்றரை, மூன்றரை, ஐந்தரை. வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று நோட்டில் எழுதுவது, நான்கு திசையிலும் செல்போன் படம். ஒசூரில் தொழிற்கூடச் சாமான் விற்கும் கடையில் வாங்கிய துப்பாக்கி மாதிரி இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நேராக வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒரு எண். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வறண்ட ஜனவரி இரவில் தெளிந்த வானம் பூஜ்யத்துக்குக் கீழே காட்டும். ஒரு தாழ்ந்த மேகம் வந்து நின்றால் எண் விர்ரென்று ஏறும். மேகம் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதைக் கையில் பிடித்துப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வீட்டு மாடியில் சோலார் வைத்திருப்பவர்களிடம் இன்வெர்ட்டர் பதிவையும் கேட்டு வாங்கலாம். மேகம் கடந்த நேரம் அதில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

எதை எடுத்தோம்

முதன்மைத் தரவு செரஸ். ஆடிக்கு ஈபாஃப், வைகாசிக்கு மணிக்கணக்குத் தரவு. காரணம் ஒன்றுதான்: எங்கள் ஊரில் மேகத்தின் விளைவை முடிவு செய்வது அது எத்தனை மணிக்கு வருகிறது என்பது. மூன்று மணிக்கு எழும் கோபுரம் வெயிலைத் தடுக்கிறது. அதன் தலை விரிந்து இரவு பத்து மணி வரை நின்றால் அந்த நேரம் முழுக்கச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. இந்தக் கூட்டல் கழித்தலுக்கு 250 மீட்டர் துல்லியத்தால் ஒரு பயனும் இல்லை. மணிக்கணக்கும் முழு அலைவரிசையும் வேண்டும். அதற்காகப் பென்னாகரத்தை இழக்கிறோம், தெரிந்தே இழக்கிறோம்.

ஆடிப் பகுதியை எடுத்த பாலக்கோட்டுப் பெண்ணுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நல்ல ஆதாரமும் இருக்கிறது. பருவமழை ஆய்வாளர்கள் ராஜீவனும் ஜெ. சீனிவாசனும் 2000இல் வெளியிட்ட ஆய்வு: வெப்பமண்டலத்தின் பல பகுதிகளில் மேகத்தின் குளிர்ச்சியும் சூடும் ஏறத்தாழ சமமாகிவிட, ஆசியப் பருவமழைப் பகுதியில் குளிர்ச்சியே நன்றாக மேலோங்குகிறது என்று பழைய செயற்கைக்கோள் தரவைக் கொண்டு காட்டியது. மழை கொட்டும் கடலுக்கும் கடற்கரைக்கும் சொன்னது, காற்று மட்டும் அடிக்கும் மழை மறைவுப் பகுதியான நம் கட்டத்துக்கும் பொருந்துமா? அவளுடைய புராஜெக்டின் தலைப்பே இப்போது அதுதான்.

இன்சாட்டை இரண்டாவதாக வைத்தோம், முழு வருடத்துக்கு அல்ல, தேர்ந்தெடுத்த பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மட்டும். மாடி நோட்டில் நல்ல இடி பதிவான நாள் எதுவோ அந்த நாளின் 48 கோப்பு. மோடிஸ் வேர்ல்டுவியூவில் வெறும் பார்வைக்கு. மற்றதெல்லாம் தள்ளி வைத்தாயிற்று.

ஊத்தங்கரைப் பையனுக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுக்குறைந்து நகர்ந்தபோது, 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவன் ஊரில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த ஒரு நாளைத்தான் அவன் பார்க்க வேண்டும், மாத சராசரியில் அது கரைந்துபோகும் என்கிறான். நியாயம்தான். செரஸின் மணிக்கணக்கில் அந்த நாள் ஒரு பெரிய கட்டத்தின் சராசரியாக வரும். மேக உச்சி எத்தனை மணிக்கு எவ்வளவு குளிர்ந்தது, அந்தக் குளிர்ந்த பட்டை ஊத்தங்கரை மேல் எத்தனை மணி நேரம் நகராமல் நின்றது என்பதை இன்சாட்தான் காட்டும். ஆகவே அவனுடைய பன்னிரண்டு நாளில் முதல் நாளாக அதையே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். விடுதியில் பதினொரு மணிக்கு மேல்தான் இணையம் ஓடுகிறதாம். நேற்றுக் காலை வரை 48இல் 31 கோப்பு இறங்கியிருக்கிறது, எல்லாவற்றுக்கும் மறக்காமல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிப் பெயர் மாற்றி வைத்திருக்கிறான்.